நீலக் கேனில் இருந்த தண்ணீர்

மரக்காணத்தில் இறங்க வேண்டும் என்று சுரேஷ் நினைக்கவே இல்லை. பாண்டிச்சேரிக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தான். பஸ் ஜன்னலில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரிந்தன, இறங்கிவிட்டான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, முதுகில் பெரிய பை, கழுத்தில் புது டிஜிட்டல் கேமரா. இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். 2005 மே மாதம், அக்னி நட்சத்திரம். கையிலிருந்த பாட்டில் தண்ணீர் நிறுத்தத்திலேயே தீர்ந்துபோனது.

மண் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து உப்பளத்துக்குப் போனான். வெயிலுக்குப் பயந்து மற்ற ஆட்கள் பத்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். குழந்தைசாமியும் அவன் மனைவி யுவராணியும் மட்டும் இருந்தார்கள். மதியம் லாரி வருகிறது, அதற்குள் நாலு பாத்தி உப்பை வாரி முடிக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு.

"அண்ணா, அப்படியே நில்லுங்க," என்று சுரேஷ் கேமராவைத் தூக்கினான்.

குழந்தைசாமி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தபடி நின்றான். "வரப்பு மேலயே நடங்க சார். பாத்தியில எறங்காதீங்க, காலு எரியும்."

நல்ல படம் வேண்டுமே, சுரேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். உப்பு காலைக் கிழித்தது, உப்புத் தண்ணீர் கீறலில் தீயாய் எரிந்தது. நொண்டியபடி கரையேறினால், பனையோலை நிழலில் ஒரு நீலக் கேன். காலைக் கழுவினான். முகத்தைக் கழுவினான். மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டான். அப்பாடா என்றிருந்தது.

உப்பளத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். விடியுமுன் ஊர்க் குழாயில் பிடித்துத் தூக்கி வந்தால்தான் குடிக்க உண்டு. அதில் யாரும் கைகூடக் கழுவ மாட்டார்கள், பாத்தித் தண்ணீரிலேயே அலசிக்கொள்வார்கள். இது சுரேஷுக்குத் தெரியாது, சரி. கேட்கவாவது செய்திருக்கலாம். ஆள் இரண்டு பேர் கூப்பிடு தூரத்தில்தானே இருந்தார்கள்!

அரை மணி கழித்துக் குழந்தைசாமி பாத்தியிலேயே சரிந்தான். வேர்வை நின்றுபோய் உடம்பு கொதித்தது. யுவராணி கூடையை வீசிவிட்டு ஓடி, அவனை வரப்பில் இழுத்துப் போட்டாள். பிறகு கேனைத் தூக்கினாள். அது காற்றாய் இருந்தது.

"தண்ணி எங்க? காலையில ரொப்பிக்கினு வந்தனே... சார், நீங்க பாத்தீங்களா?"

"தெரியலைங்க," என்றான் சுரேஷ். அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. கேனைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினான்.

கார்கள் பறந்துகொண்டிருந்தன. கை காட்டினான், கும்பிட்டான், நடு ரோட்டில் நின்று கத்தினான். தலை கலைந்து, உடம்பெல்லாம் வேர்வையும் புழுதியுமாகக் கேனோடு நிற்பவனுக்காக ஒருவரும் நிறுத்தவில்லை. காலையில் பஸ்ஸிலிருந்து இப்படி ஒருவனைப் பார்த்திருந்தால் அவனும் பேசாமல்தான் போயிருப்பான். கடைசியில் உப்பு ஏற்ற வந்த லாரிதான் நின்றது. டிரைவர் அய்யனார் கதவைத் திறந்தார். "ஏறுப்பா," என்று தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு லாரியை மண் பாதையில் திருப்பினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, யுவராணி வெயிலுக்குத் தன் முதுகைக் கொடுத்துப் புருஷன்மேல் கவிந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தும் அவன் விழிக்கவில்லை. வாயில் விட்டதும் உள்ளே இறங்கவில்லை.

அதே லாரியில் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாளைக் காலைவரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்த யுவராணியின் முன் சுரேஷ் மண்டியிட்டான்.

"அக்கா, தண்ணியக் கொட்டுனது நான்தான்."

"தெரியுங்க. அந்தச் சேத்துல ஒங்க காலு மட்டும் சுத்தமா இருந்திச்சு."

"தெரியாம பண்ணிட்டேங்க்கா. அது குடிக்கிற தண்ணின்னு..."

யுவராணி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காலு எரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரே ஒரு சொம்பு மோந்து ஊத்தியிருப்பாரு. நீங்க கேக்கலியே. சுத்திப் பாக்க வாங்க, வேணாங்கல. ஆனா நீங்க பாக்க வர்ற எடத்துலதான் நாங்க பொழைக்கிறோம். அங்க எதத் தொட்டாலும், கேட்டுட்டுத் தொடுங்க."