தாய்மாமன் மடியும் தேயிலை மாத்திரையும்

எனக்கு ரத்தம் ஆகாது. அடுத்தவர் ரத்தம் என்றால் சுத்தமாக ஆகாது. அக்கா தமிழ்ச்செல்வியின் மூத்த மகனுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனாகிய நான் ஊசியைப் பார்த்ததும் சீர்த்தட்டு மேலேயே மயங்கி விழுந்தேன். தான் கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தானே நசுக்கியவன் என்று திருமங்கலம் வரைக்கும் எனக்குப் பேர்.

இப்போது சின்னவள் பவதாரிணியின் முறை. "இந்தத் தடவையும் விழுந்தேன்னா, பெரியப்பா மகன் ராம்கி மடியில புள்ளைய உக்கார வச்சுருவேன்டா" என்றாள் அக்கா. ஐந்து வயசுப் பிள்ளை. நடக்கப் பழகியதே என் விரலைப் பிடித்துத்தான். அவளை வேறொருத்தன் மடியில் பார்ப்பதற்குப் பதில் நான் மயங்கியே கிடக்கலாம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பன் அருண்பாண்டியிடம் போனேன். ஒரு டப்பாவைக் கொடுத்தான்.

"தியானின். தேயிலையில இருக்கிற அமினோ அமிலம், மாப்ள. தூக்க மாத்திரை இல்ல. படபடப்பு அடங்க ஒத்தாசை பண்ணலாம்னு சொல்றாங்க. பண்ணாமயும் போகலாம்."

"எம்புட்டு நேரத்துல?"

"ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இரு, போதும்."

சும்மா இருப்பதுதானே எனக்கு வராது. காதுகுத்து அன்று கீழக்குயில்குடி கோயிலில் காலை எட்டு மணிக்கு மாத்திரையை விழுங்கினேன். எட்டே காலுக்கு நாடி பிடித்துப் பார்த்தேன். எட்டு இருபதுக்கு மறுபடியும். அமைதி வந்துவிட்டதா, இன்னும் வழியில்தான் இருக்கிறதா என்று விசாரித்து விசாரித்தே சட்டை நனைந்துவிட்டது. அந்த அமிலம் பாவம், என்னை வைத்துக்கொண்டு அது எப்படி வேலை பார்க்கும்?

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பவதாரிணி மடியில் ஏறினாள். ஆசாரி ஊசியை எடுத்தார். என் தொடை நடுங்கியதும் பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, பயமா இருக்கா?"

அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாத்தா."

"எனக்குந்தான். கண்ணை மூடிக்குவமா?"

மூடிக்கொண்டோம். அவள் வீலென்று கத்தினாள். கூடவே நானும் கத்தினேன். அடுத்த காதுக்கும் அப்படியே. கண்ணைத் திறந்தபோது இரண்டு காதிலும் தோடு இருந்தது. நான் விழவில்லை. காப்பாற்றியது மாத்திரையா, கத்தலா என்று அருண்பாண்டிதான் சொல்ல வேண்டும்.

அக்கா கையை நீட்டினாள். "வாடி தங்கம்."

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "மாட்டேன்மா. நான் எந்திரிச்சா மாமா விழுந்துருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.