நான்காம் பாடத்து அம்மா

எங்கள் தொடக்கப் பள்ளியில், இரண்டாம் வகுப்பு நான்காம் பாடத்தின் குடும்பம் வகுப்பறையிலேயே, ஜன்னலோர மூலையில் குடியிருக்கிறது. பாடத்தின் பெயர் 'எங்கள் வீடு'. எட்டு வாக்கியங்கள். அப்பா செய்தித்தாள் படிக்கிறார். அம்மா சமைக்கிறார். அம்மா துணி துவைக்கிறார். இப்படியே போய், அம்மா தலை பின்னிவிடுகிறார் என்று முடியும். அந்த அப்பா முப்பத்தோரு வருடமாக ஒரே செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தாளை விட்டுத் தலை நிமிர்ந்ததில்லை.

ஜூன் மாதம் கல்வித் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டு வேலைகளை அம்மா மட்டுமே செய்வதாகப் பாடம் இருக்கக் கூடாது, மாற்றவும் என்று எழுதியிருந்தார்கள். நான் தலைமை ஆசிரியை. பல வருடங்களாக மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை யாரோ கேட்டுவிட்டார்கள் என்று சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரே திங்கட்கிழமையில் எட்டு வாக்கியங்களையும் மாற்றிவிட்டார்கள். அங்கே அப்பாவுக்கு அரிசி டப்பா எது என்று தெரியவில்லை, அம்மாவுக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியவில்லை. பிள்ளைகள் சத்துணவில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துத்தான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

நான் மாதத்துக்கு ஒரு வாக்கியம் என்று முடிவு செய்தேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒன்றை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்ப்போம். நீக்கிய வாக்கியத்தைக் குப்பையில் போடக் கூடாது, யாராவது பதிவேட்டில் கையெழுத்திட்டு வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம்தான்.

முதலில் செய்தித்தாள் வாக்கியத்தை எடுத்தோம். ஐந்தாம் வகுப்பு ஸ்டீபன் சார் அதைக் கொண்டுபோனார். அன்றிலிருந்து அவர் வீட்டில் யாரோ முந்திக்கொண்டு பேப்பர் படித்துவிடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஜூலையில் 'அம்மா சமைக்கிறார்' போனது. இரண்டாம் வகுப்பு கனகவல்லி டீச்சர் அதைக் கைப்பைக்குள் வைத்து எடுத்துச் சென்றார். திங்கட்கிழமை வந்து, வீட்டுக்குள் நுழைந்தபோது சோறு தயாராக இருந்தது என்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் தடவையாம். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடத்து அப்பாவுக்குக் கனகவல்லி டீச்சர் உலை வைக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் மாதம் சாம்பார் என்ற பெயரில் வந்ததைப் பிள்ளைகள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்கள். பாடத்து அம்மா நவம்பரில் எட்டு நாற்பது பஸ்ஸில் ஆபீஸ் போகத் தொடங்கினார். ஜனவரி வந்தபோது ஏழு வாக்கியங்கள் மாறியிருந்தன. மிச்சம் இருந்தது ஒன்று. அங்கேதான் எனக்குக் கை வரவில்லை.

அம்மா தலை பின்னிவிடுகிறார். யாருக்கு என்று பாடத்தில் எழுதவில்லை. அதனால் இலக்கியா அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு ஏழு வயது. அம்மா போன வருடம் இறந்துவிட்டாள். அப்பா பால்சாமி பால் வண்டி ஓட்டுபவர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அவள் அவிழ்ந்த தலையும் கையில் ரிப்பனுமாக முதல் ஆளாகப் பள்ளிக்கு வருவாள். பாடத்து அம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. மணி அடிக்கும்போது இரட்டைப் பின்னலோடு இருப்பாள்.

நான் ஜனவரிக் கடைசி வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட்டேன். ஏன் தாமதம் என்று துறை கேட்டது. ஒரு குழந்தையின் தலைமுடி சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பதில் எழுதினேன். முடியின் நீளம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். முதுகில் பாதி வரை என்று எழுதினேன். அதற்கு ஒரு மாத அவகாசம் தரப்பட்டது.

அந்த ஒரு மாதமும் பாடத்து அப்பா இலக்கியாவின் தலையில் பழகினார். பாவம், அவர் கைகளுக்குச் செய்தித்தாளை மடிக்க மட்டுமே தெரியும். முடியையும் நான்காக மடித்தார். அவள் சிணுங்காமல் உட்கார்ந்திருந்தாள், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. கடைசி வாரம் என் அறைக்கு வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய டீச்சர், அந்தப் பழைய வாக்கியத்த யாரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க?"

இன்னும் யாரும் கேட்கவில்லை என்றேன்.

"அப்ப நான் எடுத்துட்டுப் போறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

பதிவேட்டில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினாள். வாக்கியத்தைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை இரட்டைப் பின்னலோடு வந்தாள். ரிப்பன் முடிச்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாமல் இடது பக்கம் மட்டும் பெரிதாக இருந்தது. அவளுடைய அம்மா அப்படித்தான் போடுவாள், எனக்கு நினைவிருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பால்சாமி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பிள்ளைக்குத் தல பின்னி முடிச்சதும் அதோட அம்மா போயிருது டீச்சர். ஒரு நிமிசம் உக்கார மாட்டேங்குது. உக்கார்ற மாதிரி வாக்கியம் எதுவும் இருந்தா பாருங்களேன்."

ஸ்டீபன் சாரும் கனகவல்லி டீச்சரும் நானும் பதிவேட்டை எடுத்து, நீக்கிய எட்டையும் வரிசையாகப் படித்தோம். அம்மா சமைத்திருந்தார், துவைத்திருந்தார், பெருக்கியிருந்தார், தண்ணீர் தூக்கியிருந்தார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு இடத்தில்கூட உட்காரவில்லை. மூன்று பேருமே அந்தப் பாடத்தை நடத்தியவர்கள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

இல்லாததை நீக்க முடியாது. எனவே மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை 'அம்மா உட்கார்ந்திருக்கிறார்' என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தோம். ஒரு மாதமாவது பிள்ளைகள் வாய்விட்டுப் படித்தால்தான் வாக்கியம் ஊறும். இருபத்து நான்கு பிள்ளைகளும் தினமும் படித்தார்கள், இலக்கியாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. பாடத்து அம்மா ஆபீஸிலிருந்து வந்து, முதல் வாரம் நாற்காலி நுனியில், யாராவது கூப்பிட்டால் எழுந்துவிடலாம் என்பதுபோல் இருந்தார். மூன்றாம் வாரம் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை அதை நீக்கினோம். பாடத்து அம்மாவுக்கு இது அநியாயம் அல்லவா என்று எனக்கு உறுத்தியது. அன்று சாயங்காலமும் அவர் வந்தார், பையை வைத்தார், பழகிவிட்டதால் உட்கார்ந்துகொண்டார்.

பால்சாமி மகளோடு வாசலில் காத்திருந்தார். பால் கேன்களை எல்லாம் இறக்கிவிட்டு, வண்டியில் ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். வாக்கியத்தை அதில் உட்காரவைத்தோம். வேகத்தடையில் மெதுவாகப் போகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். இலக்கியா பின்னால் ஏறி, நாற்காலிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள்.