நான்கு தப்படி தூரம்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல, எனக்கே அது வியப்புதான். அமெரிக்காவிலிருந்து எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டுக்குக் குடிவந்த லோர்னா, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. நான் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"அக்கம்பக்கத்துல யாராச்சும் எட்டிப் பாத்தாங்களாடி?" என்றது அமெரிக்காவிலிருந்து அவள் அக்காவின் குரல்.

"பாக்காம என்னக்கா? எதிர்வீட்டுக்காரர் பிளம்ஸ் கேக் கொண்டாந்தார். தட்டைத் திருப்பிக் குடுக்கவே நேரமில்ல."

எதிர்வீட்டுக்காரர் நான்தான். அந்தக் கேக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

2.

முதல் தொடக்கம்: 'ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்துக் கல்பாலத்தின் மேல் பனி...' (அடித்துவிட்டேன். நான் பனியை வர்ணித்தால் கிழவன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'வந்த அன்றைக்கு லோர்னாவின் பெட்டி மாடிச் சுவரில் இடித்தது. அவள் சுவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்போதே எனக்கு அவளை...' (இந்த வாக்கியத்துக்கு என்னிடம் முடிவு இல்லை.)

சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐந்நூறு வருடத்துக் கல், நாலடிக் கனம். இந்த வீட்டுச் சத்தம் அந்த வீட்டுக்கு வந்து சேர மாதக்கணக்காகும். மேல்வீட்டில் ஒருமுறை கிண்ணம் உடைந்தது. அந்தச் சத்தம் என்னை வந்தடைவதற்குள் கிண்ணத்துக்காரர் செத்துப்போனார். சத்தியம்.

3.

லோர்னாவின் ஊரில் யாராவது புதிதாகக் குடிவந்தால் அக்கம்பக்கத்தார் தின்பண்டத்தோடு வந்து கதவைத் தட்டுவார்கள். அதனால் வந்த வாரமே இரண்டு கோப்பை வாங்கினாள். ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு நல்ல கவுன் உடுத்தி உட்கார்ந்தாள். படியில் காலடி கேட்டால் கூந்தலைச் சரிசெய்துகொண்டாள். காலடி என்னுடையது. அது என் வீட்டுக்குள் போய்விடும். அவள் ஒரு கோப்பையில் மட்டும் காப்பி ஊற்றுவாள். (இதெல்லாம் அந்த ஒருக்களித்த கதவு சொன்னது.)

எங்கள் வழக்கமோ நேர் எதிர். வந்தவர்தான் ஒவ்வொரு வீடாக மணியடித்து, 'நான் இன்னார்' என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் நாமாகப் போய்த் தட்டினால் மூக்கை நுழைப்பதாகிவிடும்.

ரொட்டிக்கடை ரேசிக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"என்ன கோர்பினியன் ஐயா, அந்தம்மா இன்னும் வந்து மணியடிக்கலியா? ஆறு மாசமாச்சே. திமிரா?"

"கூச்சமா இருக்கும் ரேசி."

"அப்ப நீங்க போய்த் தட்டறதுதானே?"

"நானா? நான் மானம் மரியாதையோட வாழறவன்."

"ஓகோ. மரியாதைக்குத்தான் ஞாயித்துக்கிழமையானா ரெண்டு துண்டு கேக் வாங்கறீங்களாக்கும்!"

(இரண்டையும் நானே தின்றுவிடுவேன். கதைக்கு இது தேவையில்லை. அடித்துவிட வேண்டும்.)

4.

நேற்று மறுபடியும் மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கியது. இம்முறை அவ்வளவாக வாங்கவில்லை, ஆனாலும் நின்றேன்.

"யாரும் வரலக்கா. கேக்கு, தட்டு எல்லாம் சும்மா சொன்னது."

"அடிப்பாவி! கெளம்பி வந்துடுடி."

"நாளைக்கு நாலு மணிக்கு டாக்ஸி சொல்லியிருக்கேன்."

அந்த நாளை இன்றுதான். ஆகவே முடிவுகள்.

அ) அவள் வந்து என் மணியை அடிக்கிறாள். (வழக்கம் தெரியாதவள் எப்படி அடிப்பாள்? ஆறு மாதமாக அதைச் சொல்லித்தர எனக்கும் வாய் வரவில்லை.)

ஆ) டாக்ஸி வருகிறது. அவள் இறங்கும்போது பெட்டி சுவரில் இடிக்கிறது. அவள் சுவரிடம்... (இதை எழுத மாட்டேன்.)

இ) எழுபத்தொன்பது வயதுக் கிழவன் ஒருவன் மானத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு...

5.

மணி மூன்றரை. மேசையில் இரண்டு துண்டு பிளம்ஸ் கேக். எதிரே பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம், கதவு வழியாக.

சுவர் வழியாக வேறொரு சத்தம் வருகிறது. விசும்பல், அதன் பின்னணியில் கிறிஸ்துமஸ் பாட்டு. அவள் இப்போது அழவில்லை, ஜிப்போடு மல்லுக்கட்டுகிறாள். இது கிறிஸ்துமஸ் அன்று அவள் தனியாக அழுதது. இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. (சுவரைப் பற்றி நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை அல்லவா? நானும்தான் நம்பவில்லை.)

என் கதவிலிருந்து அவள் கதவுக்கு நான்கு தப்படி. எழுந்துவிட்டேன். இடக்கையில் தட்டு. வலக்கையில் பேனா. கதவைத் திறக்க ஒரு கை வேண்டும்.

கொஞ்சம் இந்தப் பேனாவைப் பிடியுங்கள்.