காசியிலிருந்து வந்த மாலை

பிள்ளையார்பாளையத்தில் கிருஷ்ணம்மாளுக்கு அதுவரை ஒரு தபால்கூட வந்ததில்லை. அதனால் 1967-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, வேறு யாரோ ஒரு கிருஷ்ணம்மாளைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் கொடுத்தது ஒரு சின்னத் துணிப் பொட்டலம். நாலு பக்கமும் தைத்து, தையல்மேல் அரக்கு வைத்திருந்தது. விலாசம் இங்கிலீஷில் இருந்தது. தபால்காரரே படித்துச் சொன்னார்.

"துரைக்கண்ணு வூடு, கிருஷ்ணம்மாள்னு போட்டிருக்குதுமா. காசிலேருந்து வந்திருக்குது."

காசி என்ற சொல் காதில் விழுந்ததும் அடுத்த அறையில் தறிச் சத்தம் நின்றது. கிருஷ்ணம்மாளின் கொழுந்தன் கலியாணசுந்தரம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தான். அவன் மனைவி சம்பூர்ணம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவிலிருந்து பதினோரு பேர் சேர்ந்து காசிக்குப் போனார்கள். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். வராதவன் கிருஷ்ணம்மாளின் புருஷன் துரைக்கண்ணு. "ரயிலுக்கு நேரமாயிட்டுது, அவன் ஸ்டேஷனுக்கு வரவே இல்ல" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு, குழந்தை இல்லை. கொழுந்தன் வீட்டிலேயே ஒரு பக்கம் இருந்துகொண்டு, தறிக்காரர்களுக்கு ராட்டையில் பட்டுநூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துப் பிழைத்து வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவளும் பேசியதில்லை.

சம்பூர்ணம் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தாள். உள்ளே ஒரு ருத்திராட்ச மாலை. கடிதம் இல்லை. பொட்டலத்தை உதறிப் பார்த்தார்கள். கொஞ்சம் விபூதிதான் உதிர்ந்தது. நாள்பட்ட மாலை அது. மணிகள் விரல்பட்டு விரல்பட்டுக் கறுத்து, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளத்தன.

கலியாணசுந்தரம் குனிந்து மாலையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அண்ணி, சாமியாராப் போனவங்க காலமாயிட்டா அவங்க மாலைய வூட்டுக்கு அனுப்பி வெச்சிருவாங்கன்னு சொல்லுவாங்க. அண்ணன் போயிட்டாரு போலத் தோணுது. நாள் பாத்து காரியத்தப் பண்ணிடலாம்."

கிருஷ்ணம்மாள் அழவில்லை. மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, பொம்பளைங்க ருத்திராட்சம் போடலாமா?" என்று பதறினாள் சம்பூர்ணம்.

"தெரியாது. கேட்டுக்கினு வரேன்" என்று அப்படியே கிளம்பிவிட்டாள்.

ஏகாம்பரநாதர் கோயிலில் யாரைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலப் பூசைக்குத் தேவாரம் பாட வந்த ஓதுவார் தூணோரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், கூச்ச சுபாவம். பெண்கள் வந்து பேசினால் தரையைப் பார்ப்பவர். அவரிடம் மாலையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள்.

"யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்மா. ஆனா ஒண்ணு, எண்றதுக்கு வெச்சிருக்கற மாலையக் கழுத்துல போட்டுக்க மாட்டாங்க. கழுத்துல போட்டுக்கினு இருக்கறத எண்ண மாட்டாங்க. ரெண்டும் வேற வேற."

"இது எதுக்குங்க?"

ஓதுவார் வாங்கிப் பார்த்தார். "மணி தேஞ்சிருக்குது பாருங்க. இத வெச்சிருந்தவரு நெறைய எண்ணியிருக்காரு." நூற்றெட்டு மணிக்கு மேல் தனியாக நின்ற பெரிய மணியைத் தொட்டுக் காட்டினார். "இது நாயகமணி. இதத் தாண்டக் கூடாது. இது வரைக்கும் வந்துட்டு, மாலையத் திருப்பிக்கினு வந்த வழியே போகணும். ஆள்காட்டி விரல் படக் கூடாது. எண்ணும்போது நமசிவாயன்னு சொன்னாப் போதும்."

வீட்டுக்கு வந்து கொழுந்தனிடம் சொன்னாள். "தம்பி, எழுத்துக்கு ஒரு லட்சமா அஞ்சு லட்சம் எண்ணப் போறேன். அதுக்குள்ள ஒரு சேதி தெரியும். தெரியாட்டி நீ சொல்ற மாதிரியே காரியம் பண்ணு. அதுவரைக்கும் என் நெத்தியப் பத்தி யாரும் பேசாதீங்க."

அந்தத் தெருவில் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம்தான். மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறிகள் நிற்கும்போது, மழை நின்ற மாதிரி திடீரென்று ஓர் அமைதி வரும். ஓட்டின் கண்ணாடி வழியே வெயில் ஒரு சதுரமாகத் தரையில் விழுந்து, மெல்ல மெல்லச் சுவரை நோக்கி நகரும். அந்த நேரத்தைத்தான் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். தை பிறந்ததும் தொடங்கினாள். தினம் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்கு நூறு என்று கணக்கு. மிச்ச எட்டும் தப்புத் தவறுக்கு.

முதல் ஒரு மாதம் வாய் நமசிவாய என்று சொன்னதே தவிர, மனம் வேறு சொல்லிற்று. எங்கே போனே, எங்கே போனே என்று ஒவ்வொரு மணியையும் நெருடினாள். சில நாள் கோபத்தில் கட்டைவிரல் வலிக்கும். மாசி கழிந்த பிறகுதான், எப்போது என்று அவளுக்கே தெரியாமல், அந்தக் கேள்வி கரைந்துபோயிற்று. அதன்பின் ஒரு நாள், வெயில் சதுரத்தைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு பாதங்கள் தெரிந்தன.

புழுதி படிந்த பாதங்கள். ஒரு மணி நகர்ந்தால் ஓர் அடி எடுத்து வைத்தன. அவள் நிறுத்தினால் அவையும் நின்றன. முதலில் பெரிய ஆற்றின் படிக்கட்டுகளில் ஏறின. பிறகு ஒரு நீண்ட பாதை. இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த வயல். அது என்ன பயிர் என்று அவளுக்குத் தெரியவில்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றி அவள் பார்த்தது நெல்லும் கரும்பும்தான். முகம் தெரியாத பெண்கள் பித்தளைச் சொம்பில் தண்ணீர் வார்த்தார்கள். புரியாத பாஷையில் ஏதோ சொன்னார்கள். அந்தக் குரல்கள் நல்ல குரல்களாக இருந்தன.

மறுநாள் உட்கார்ந்தபோது, பாதங்கள் முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து கிளம்பின. தன் புருஷன்தான் நடந்து வந்துகொண்டிருக்கிறார் என்று கிருஷ்ணம்மாள் முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மற்ற நேரமெல்லாம் தார் சுற்றினாள், தண்ணீர் பிடித்தாள், சம்பூர்ணத்தோடு சிரித்துப் பேசினாள். ஆனால் உள்ளுக்குள் எப்போதும் ஒரு பாதை ஓடிக்கொண்டே இருந்தது. மாதத்தில் ஐந்து நாள் அவள் மாலையைத் தொட மாட்டாள்; அந்த ஐந்து நாளும் அவர் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாரோ, சாப்பிட்டாரோ என்று தவித்துக் கிடப்பாள்.

ஒரு வருஷம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. ஆடி மாதம் வந்தது.

"சந்திரனுக்கே மனுசன் போயிட்டான்னு டீக்கடை ரேடியோல சொல்றான். காசிலேருந்து ஒரு சேதி வர இத்தினி நாளா அண்ணி?" என்றான் கலியாணசுந்தரம்.

"வந்துக்கினுதான் இருக்குது" என்றாள் அவள். பாதங்கள் அப்போது பனைமரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தன. மண் சிவந்திருந்தது.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம், ஒன்பதாவது சுற்றில் அவள் இருந்தபோது, வாசலில் நிழல் விழுந்தது. பைஜாமாவும் ஜிப்பாவும் போட்ட ஒருவர் கையில் தகரப் பெட்டியோடு நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. வெற்றிலைக் காவி ஏறிய உதடு. இடது காலில் பாரத்தைப் போட்டுக் கொஞ்சம் சாய்ந்து நின்ற அந்த நிலையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. துரைக்கண்ணு.

அவள் விரல்கள் நிற்கவில்லை.

பிடிவாதம் இல்லை அது. பாதையில் ஒரு கால் தூக்கியபடி இருந்தது. அதை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்துபோக அவளுக்கு மனம் வரவில்லை. அவர் பெட்டியைக் கீழே வைத்தார். சுவரோரம் குந்தினார். அவள் நாயகமணி வரை வந்தாள், திருப்பினாள், பத்தாவது சுற்றையும் எண்ணி முடித்தாள். மாலையைப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"எங்க இருந்தீங்க?"

"காசிலதான். ஊருக்குக் கெளம்பற அன்னிக்கு ஒரு சந்துல தறிச் சத்தம் கேட்டுது. அங்கியும் பட்டுதான் நெய்யறாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போலாம்னு நுழைஞ்சேன். ரயிலு போயிட்டுது. நம்மள மாதிரி நெய்யத் தெரிஞ்ச ஆளு இருக்கட்டுமேன்னு சொன்னாங்க. ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்னு இருந்தேன். அப்புறம் ஒரு வருசம். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுன்னு ஆயிட்டுது."

"சாமியாராப் போவலையா?"

"நானா?" என்றார், உண்மையாகவே திகைத்து.

"கங்கை?"

"அந்தச் சந்துலேருந்து கால் மணி நேரம் நடக்கணும். பண்டிகைக்குப் போறதோட சரி."

அவள் ஓட்டுக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல."

அவள் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அதற்குள் கலியாணசுந்தரம் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு, பெரிய ஆண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான். சம்பூர்ணம் வடை சுட்டாள். தெரு ஜனங்கள் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார்கள். பேசாமல் போனதில்தான் அவர்கள் கோபம் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் தறிகள் நின்றன. இனி என்ன எண்ணுவது என்ற யோசனையோடுதான் கிருஷ்ணம்மாள் உட்கார்ந்தாள். வாசலில் அவர் தம்பியோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. ஆள்தான் வந்துவிட்டாரே, பாதை காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். முதல் மணியைத் தள்ளினாள்.

பாதங்கள் நடந்தன.

நேற்று விட்ட அதே இடம், அதே பனைமரங்கள், அதே செம்மண். அவசரமில்லாமல், நிதானமாக நடந்தன. பத்துச் சுற்றும் முடியும் வரை பொறுத்திருந்து, எழுந்துபோய்ப் புருஷனிடம் பையிலிருந்து மாலையை எடுத்துக் காட்டினாள்.

"இத நீங்கதானே அனுப்புனீங்க?"

"நான் எதுவும் அனுப்பலியே." மாலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மாறியது. "இது அந்தச் சாமியாரோடது. காசியில நாங்க தங்குன மடத்துல ஒருத்தரு இருந்தாரு. திருநெல்வேலிப் பக்கம். ஓயாம இருமுவாரு. பத்து நாளு கஞ்சி வாங்கியாந்து குடுத்தேன். ஊருல எனக்கு யாரும் இல்லப்பான்னு சொன்னாரு. காஞ்சிபுரம் வந்தா எங்க வூட்டுக்கு வாங்க, நான் இல்லாங்காட்டியும் எங்க வூட்டுல சோறு போடுவாங்கன்னு ஒன் பேரையும் போட்டு விலாசம் எழுதிக் குடுத்தேன். அத இத்தினி வருசம் வெச்சிருந்திருக்காரு."

"அவரு பேரு இன்னா?"

துரைக்கண்ணு மாலையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "கேக்கலியே" என்றார்.

அன்று சாயங்காலம் தார் சுற்றும்போது அவள் நினைத்துப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்துக்கு மேலாகத் தன் புருஷன் என்று நினைத்து அவள் நடத்திக் கூட்டிவந்தது பெயர் தெரியாத ஒரு கிழவரை. வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வருத்தம் வரவில்லை. ஊரில் யாருமில்லாத ஒருவருக்குப் பாதையில் துணையாக நடந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, நெஞ்சுக்குள் பட்டுநூல் கண்டு அவிழ்வது போல ஏதோ இளகியது.

"ஆளுதான் வந்துட்டாரே, இன்னும் ஏன்க்கா எண்றே?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

"அவரு இன்னும் வந்து சேரலடி" என்றாள் கிருஷ்ணம்மாள். சம்பூர்ணத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்னும் முப்பத்திரண்டு நாள் பாக்கி இருந்தது. அவள் ஒரு நாளும் அவசரப்படவில்லை. துரைக்கண்ணு மத்தியான வேளையில் தானாகவே வெளியே போய்விடப் பழகிக்கொண்டார். கடைசி நாள், கடைசிச் சுற்று. பாதங்கள் மஞ்சள் வெயிலில் ஒரு குளத்தங்கரைக்கு வந்தன. முதல் படியில் இறங்கின. இரண்டாவது படியில் தண்ணீர் கணுக்கால் வரை வந்து புழுதியைக் கழுவியது. அங்கே நின்றன. அவள் கையும் நாயகமணியில் நின்றது.

மறுநாள் காலையில் புருஷனையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அந்த ஓதுவாரைத் தேடிப் பிடித்து, மாலைக்குச் சொந்தக்காரருக்காக மோட்ச விளக்கு ஏற்ற வேண்டும் என்றாள்.

"பேரு சொல்லுங்கம்மா."

"தெரியாதுங்க. திருநெல்வேலிப் பக்கம். இருமல் உண்டு."

"எப்பக் காலமானாரு?"

கிருஷ்ணம்மாள் துரைக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்தார். "காலமாயிட்டாரான்னும் தெரியாதுங்க" என்றாள்.

ஓதுவாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "அப்ப சாதா நெய்விளக்கே ஏத்திடுங்கம்மா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றார். அவள் விளக்கேற்றிய பிறகு யாரும் கேட்காமலே ஒரு பதிகத்தை எடுத்து மெல்லிய குரலில் முழுவதும் பாடினார். துரைக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் தெருவில் யாரோ தறியில் ஏற்றுவதற்காகப் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஊதாப் பட்டு நூல் கட்டி நின்றது. முதல் துளி விழுந்ததும் நாலா பக்கமும் கூச்சல். நனைந்தால் அத்தனையும் பாழ். வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து ஆளுக்கொரு இடம் பிடித்தார்கள். நடுவில் ஓர் இடத்தில் ஆள் இல்லாமல் நூல் தரையை நோக்கித் தொய்ந்தது.

"துரைக்கண்ணு! இன்னாப்பா பாத்துக்கினு நிக்கறே, புடி!" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார். அவர் ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது; தெருவில் ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். இரண்டு கைகளையும் நீட்டிப் பட்டு நூலை ஏந்திக்கொண்டார். கிருஷ்ணம்மாள் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, தெருவோரமாகவே நடந்து வீட்டுக்குப் போனாள்.