பேர் சொல்லாமல் அரைத்த மிளகாய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. காதில் வந்து விழுந்தது. உக்கடத்தில் ஒரு டீசல் வண்டிப் பட்டறைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பெண்மணி மெக்கானிக்கிடம் தணிந்த குரலில் சொன்னார்: "பாய், எங்க ஊட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அவ்வளவுதான் கேட்டது. என்ன விஷயம், ஊட்டுக்காரர் என்ன செய்தார், ஒன்றும் தெரியாது. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து அந்த அம்மாவுக்குப் பொற்கொடி என்று பெயர் வைத்தேன். மெக்கானிக்குக் கரீம். இனி வருவதெல்லாம் என் கைவேலை. தப்பு இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவர்களை விட்டுவிடுங்கள்.

2

தொடக்கம் எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"மேற்கே ஆனைமலைத் தொடர் நீலமாகப் படுத்திருக்க, பழைய பிக்கப் வண்டியொன்று..." (வேண்டாம். மலையைக் கண்டாலே எனக்குப் பேனா வழுக்கும்.)

"வண்டியும் வாழ்க்கையைப் போலத்தான், எங்கே நிற்கும் என்று..." (சீச்சீ.)

"கிணத்துக்கடவு தாண்டியதும் வண்டி நடுங்க ஆரம்பித்தது." இது போகும். பொற்கொடியின் கவலை முழுக்க அந்த நடுக்கத்தில்தான் இருந்தது.

அவள் ஆனைமலையில் இளநீர் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுவருகிறவள். காலையில் கிளம்பும்போது வண்டியில் ஒரு குறையும் இருக்காது. பொள்ளாச்சி வரை சொன்ன பேச்சுக் கேட்கும். கிணத்துக்கடவு தாண்டியதும் இழுவை குறையும். சிக்னலில் நின்றால் சீட்டோடு சேர்ந்து அவளும் குலுங்குவாள். அப்புறம் ஒரு இருமல், இன்ஜின் அணைந்துவிடும். பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும். ஓரமாகத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

3

பொற்கொடியின் கணவர் நஞ்சப்பனை முதலில் குடிகாரனாக எழுதினேன். வெறும் சோம்பேறித்தனம்! கதையில் புருஷன் என்றால் என் கை தானாக ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

வண்டி அவர் ஓட்டியதுதான். தென்னையிலிருந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. பொற்கொடி லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவருக்கு மிஞ்சியது கைகள். அந்தக் கைகளை வைத்து வண்டிக்கு என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்வார். கண்ணாடி துடைப்பார், சீட்டுக் கிழிசலைத் தைப்பார். டீசல் டேங்க் மூடி காணாமல்போன அன்று பழைய டியூப் ரப்பரை வெட்டி, மேலுக்கு மேல் போர்த்தி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். கம்பி முனை அவள் கையைக் கீறிவிடக் கூடாதென்று உள்பக்கமாக மடித்தும் விட்டார்.

"இனி மழைத்தண்ணி ஒரு பொட்டு எறங்காது கண்ணு" என்றார். டீசல் போட்டு வரும்போதெல்லாம் அவரே திரும்பக் கட்டுவார்.

(இன்ஜின் தெரிந்த வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. தயவுசெய்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

4

மூடி காணாமல்போன வாரமே நடுக்கமும் ஆரம்பித்தது. பொற்கொடி இரண்டையும் முடிச்சுப் போட்டாள். எவனோ மூடியைத் திறந்து டேங்கில் எதையோ ஊற்றியிருக்கிறான். எவனோ என்ன எவனோ? அதே தெருவில் மனோஜ்குமாரும் லோடு வண்டி வைத்திருக்கிறான். இவள் வண்டி நின்றுபோன நாட்களில் இளநீர் வியாபாரி அவனைத்தான் கூப்பிட்டார். நஞ்சப்பனுக்கும் அதே சந்தேகம்தான்.

"இப்படியே நின்னு நின்னு போச்சுன்னா வித்துப்போட வேண்டியதுதானுங்க" என்றாள் ஒருநாள்.

"வித்துப்போட்டா நான் என்னத்தத் தொடைச்சுட்டு உக்காந்திருக்கறது?" நஞ்சப்பன் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனாள். அநியாயம் நடந்தால் அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள்; செய்தவனுக்கு எரியும் என்பது நம்பிக்கை. வீட்டில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக் கொடுத்தது நஞ்சப்பன்தான். "நல்லா அரைச்சுப் பூசிட்டு வா" என்று பஸ் ஏற்றியும் விட்டார்.

கோயில் அம்மியில் அரைக்கும்போது மனோஜ்குமார் பெயர் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை. அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன். நிச்சயமாகத் தெரியாமல் ஒருத்தர் பேரைச் சொல்வது மரியாதையா? "எங்க வண்டிய இப்படிப் பண்ணுன கை ஆருதா இருந்தாலும் எரியோணுங்க தாயே" என்று பொதுவாகச் சொல்லிப் பூசிவிட்டு வந்தாள்.

சாபத்துக்கும் 'ங்க' போடுகிற ஊர் எங்களுடையது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பேர் போடாத சாபம் விலாசம் எழுதாத தபால், எந்த வீட்டுக் கதவைத் தட்டுமோ யார் கண்டது.

5

மறுநாள் உக்கடம். கரீம் பாய் வண்டியைத் தொடவேயில்லை. முதலில் அவளைத்தான் கேட்டார்.

"கெளம்புனதும் நிக்குதா, ஓடி ஓடி நிக்குதா?"

"ஓடித்தானுங்க பாய்."

"நின்ன பொறவு?"

"செத்த நேரம் சும்மா உட்டா தன்னால எடுத்துக்குதுங்க."

பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக், வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகத்தைக் கூட்டி வைத்திருந்தார். இன்னொருவர் இன்ஜெக்டரை மாற்றச் சொல்லியிருந்தார். பாய் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "இதுல ஆரும் ஒண்ணும் ஊத்தல அம்மணி."

இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். வெகுநேரம் கழித்து நடுக்கம் வந்தது. அணையப் போகிற சமயத்தில் பின்னால் ஓடி, டேங்க் வாயில் கட்டியிருந்த ரப்பரை ஒரு ஓரம் நெம்பினார். டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. இன்ஜின் ரெண்டு தடவை தடுமாறி, நிதானத்துக்கு வந்து, சீராக ஓடியது.

"டீசல் எறங்க எறங்க டேங்குக்குள்ள காத்துப் போகோணும். மூடியில அதுக்குன்னு சின்னதா வழி இருக்கும். இது காத்தே போகாமக் கட்டியிருக்குது, டீசல் எப்படி வரும்? நின்ன பொறவு மெல்லக் கொஞ்சம் காத்துக் கசிஞ்சு எறங்கும், திரும்ப எடுத்துக்கும். மூடிய பெட்ரோல் பங்க்குலயே மறந்து வெச்சுட்டு வந்திருப்பீங்க." பாய் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். "ஆனா ஆரு கட்டுனதோ, பிரமாதம். முனையக்கூட மடிச்சு உட்டிருக்காங்க."

பொற்கொடிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் நேற்று அம்மனிடம் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் டீக்கடையில் கேட்ட வாக்கியத்தை அப்போதுதான் சொன்னாள்.

6

வண்டியில் ஏறுமுன் போன் போட்டாள்.

"ஏனுங்க, கை எப்படிங்க இருக்குது?"

"அதையேன் கேக்கற கண்ணு. நேத்துல இருந்து ஒரே எரிச்சல். நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

மிளகாய்க் காம்பு கிள்ளினால் கை எரியும். இதற்கு அம்மன் வர வேண்டியதில்லை. பொற்கொடிக்கும் இது தெரியும், தெரிந்து என்ன செய்ய? கிணத்துக்கடவு தாண்டியும் வண்டி கம்மென்று ஓடியது. நடுங்கியது அவள்தான்.

[இங்கே நான் தலையிட்டிருக்கலாம். அவர் கையில் எரிச்சலே இல்லை என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. எழுதியும் பார்த்தேன். அவள் நம்பவில்லை.]

7

ஒரு முடிவில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். நஞ்சப்பன் "அப்படியா" என்கிறார். மறுநாளிலிருந்து வண்டியைத் தொடுவதில்லை. கண்ணாடியில் தூசி படிகிறது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை எழுதியபோது எனக்கே தாளவில்லை, கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் அவள் வாயைத் திறப்பதில்லை. அப்படியென்றால் பழி மனோஜ்குமார் தலையில் நிற்கும். "அக்கா, வண்டி செரியாயிருச்சுங்களா?" என்று அவன் தெருவில் கேட்கும்போது இவள் எந்த முகத்தோடு நிற்பாள்? பாவம், அவன் என் கதையில் ஒரு தப்பும் செய்யவில்லை.

அம்மன் கனவில் வந்து... (கனவு வந்தால் எழுதுகிறவனிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.)

8

ஆகவே எனக்குத் தெரிந்தவரை மட்டும் எழுதுகிறேன்.

வெயில் தாழ வீடு வந்தாள். புது மூடியைத் திருகி மாட்டியிருந்தாள். நேராக உள்ளே போய்த் தேங்காயெண்ணெயை எடுத்து வந்து, நஞ்சப்பன் எதிரில் உட்கார்ந்தாள். கோயிலில், வேண்டியது நடந்த பிறகு அந்தக் கல்லின் சூடு தணிய எண்ணெய்க்காப்பு செய்வார்கள். நாளைக்குப் போய்ச் செய்துவிட்டு வரலாம். ஆனால் நாளை வரை யார் பொறுப்பது?

"கையக் குடுங்க."

"என்னத்துக்கு?"

"குடுங்கன்னாக் குடுங்களேன்."

ரெண்டு கையையும் நீட்டினார். ஒவ்வொரு விரலாக எண்ணெய் தேய்த்தாள். நகக்கண்ணில், விரல் இடுக்கில், கம்பி இறுக்கியதில் சிவந்திருந்த உள்ளங்கையில். இந்த மனுஷன்மேல் தனக்கு இவ்வளவு ஆசை இருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது, குனிந்துகொண்டாள்.

"இப்ப எப்படிங்க?"

"குளுகுளுன்னு இருக்குது. வண்டி?"

"செரியாப்போச்சுங்க. ஒரு எடத்துலயும் நிக்கல."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தயா! அம்மன் கேட்டுட்டா. அப்ப ஆரு பண்ணுனதுன்னு தெரிஞ்சுதா கண்ணு?"

பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

".................."

இந்த வரியை என்னால் நிரப்ப முடியவில்லை. வார்த்தை கிடைக்காமல் இல்லை. எந்த வார்த்தையைப் போட்டாலும் அவர் முகத்தில் என்ன மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் சொல்லுங்கள். உள்ளதைச் சொன்னாலும் சரி, மழுப்பினாலும் சரி, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அவர் கை இன்னும் அவள் கைக்குள்தான் இருக்கிறது. சொல்லும்போது அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.