முதலில் படம், பிறகு கை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவள் என்பதால் சமூக அக்கறை, அது இது என்று நானும் சொல்லலாம்; பொய்யாகிவிடும். என் மகள் நிரோஜினியின் வகுப்பாசிரியை கொன்ஸ்ரன்ஸை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: “வெள்ளவத்தைக் கடலின் மேல் மாலைச் சூரியன்—” வேண்டாம். இந்தக் கதையில் கடலுக்கு வேலை இல்லை.

இரண்டாவது: “கொன்ஸ்ரன்ஸ் கர்வம் பிடித்தவள்—” ஆசையாகத்தான் இருக்கிறது. நீங்கள் நம்பமாட்டீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி வருகிறவள். வந்ததும் முதலில் என் மகளைப் பார்த்துத்தான் சிரிப்பாள். (இந்த “முதலில்” சுடுகிறது. இருக்கட்டும்.)

3

விஷயம் இதுதான். குண்டுப் பயத்தில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் பைகளைச் சோதிக்கிறோம். பெற்றோர்தான் முறை வைத்துச் செய்கிறோம். நிரோஜினிக்கு ஓட்டிசம், மனஇறுக்கம் என்பார்கள். அவளுடைய பையில் வேறு கை பட்டால் நிலத்தில் விழுந்து அலறுவாள். வரிசை ரோட்டுவரை நீளும். சாவடியிலிருந்து ஆமி வந்து எட்டிப் பார்க்கும். இன்னொரு தரம் இப்படி நடந்தால் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

கொன்ஸ்ரன்ஸ் எங்கோ பயிற்சிக்குப் போய்வந்து ஓர் அட்டையில் படம் வரைந்தாள்: மேசை, திறந்த பை, மூடிய பை. சனிக்கிழமை ஆசிரியர்களையும் வாசல்முறைப் பெற்றோரையும் மண்டபத்தில் கூட்டிப் பழக்கினாள். விளையாட்டுப் பழக்கும் பீ.ரீ. மாஸ்டர் ஒஸ்வால்ட் பிள்ளையாக நடித்தார்*, நான் சோதிக்கிறவள். நேரே அவருடைய பைக்குள் கையை விட்டேன்.

“மிஸிஸ் நாகேந்திரம், முதல்ல படம். பொறகுதான் கை.”

“என்ர பிள்ளைக்கு நானும் படம் காட்டோணுமோ, மிஸ்?”

“ஓம். வாசல்ல நீங்களும் செக் பண்ற ஆள்தானே. அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சா அவ பயப்பட மாட்டா.”

எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் மற்றத் தாய்மார் அட்டையைக் காட்டினார்கள். வாசலில் ஒரு சத்தம் இல்லை.

[* போன மாதம், “ரெண்டு அடி போட்டாச் சரிவரும்” என்று எனக்குச் சொன்னவர் இவர். இவரையும் மாற்றிவிட்டாள். அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.]

4

(இங்கே ஒரு வில்லி தேவைப்படுகிறாள். தேடிப் பார்த்தேன், கதை எழுதுகிறவளை விட்டால் வேறு ஆள் இல்லை.)

நாளை வாசலில் என் முறை. இன்று பின்னேரம் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். வாசல்முறையோடு கைமாறி என்னிடம் வந்த அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நிரோஜினி பார்த்தாள். தானே பையைத் திறந்தாள். நான் உள்ளே கையை விட்டுப் பார்த்து முடியும்வரை அசையாமல் நின்றாள். மூடினாள். பிறகு, கொன்ஸ்ரன்ஸ் பழக்கியபடியே, தெளிவாகக் கேட்டாள்:

“பாத்தாச்சா, மிஸ்?”

அவளுக்கு ஒன்பது வயது. என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். “ஆனந்தக் கண்ணீர்” என்று எழுதி, அடித்துவிட்டேன்.

5

முடிவு ஒன்று: அட்டையைக் காட்டுகிறேன். அத்தனை தாய்மாருக்கும் முன்னால் என் பிள்ளை என்னை மிஸ் என்கிறாள். அமைதியாக வகுப்புக்குப் போகிறாள். அங்கே கொன்ஸ்ரன்ஸ் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

முடிவு இரண்டு: அட்டையை வீட்டில் மறந்துவிடுகிறேன். (மனம் வைத்தால் மறக்கலாம்.) அவள் அலறுகிறாள். அதிபர் சொன்னதைச் செய்கிறார். அன்றிலிருந்து அவள் வீட்டில், முழுக்க முழுக்க எனக்கே.

முடிவு மூன்று: “நிரோஜினி பையை மூடிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்து, அம்—”

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. பேனையை நீங்கள் பிடியுங்கள். எந்த முடிவை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் முதலில் அவளுக்கு அட்டையைக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை பயந்துவிடுவாள்.