ரெங்கசாமியின் பூப்பிடி

இருபத்தோரு வருடம் இடுப்பில் ரிவால்வர் கட்டிக்கொண்டு திரிந்தவர் ரெங்கசாமி. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் துணைப் போலீஸ் சார்ஜண்ட். அந்த இருபத்தோரு வருடத்தில் அவர் சுட்டு வீழ்த்தியவர்களின் எண்ணிக்கையைக் கேட்டால் யாருக்கும் குலை நடுங்கும். அத்தனை பேரும் காகித மனிதர்கள். பயிற்சிக்கூடத்துக்கு வெளியே அவருடைய ரிவால்வர் உறையைவிட்டு எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சரக்குப் பகுதியில் அவர் நேருக்கு நேர் சந்தித்த மிகப் பெரிய அபாயம், கூண்டிலிருந்து தப்பிவந்த ஒரு நாய். அதையும் கூட ரோந்து வந்த ஜரீனாதான் பிஸ்கட்டைக் காட்டிப் பிடித்தாள்.

ஆனாலும் சுடுவதில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்றுநர் ஒருவர், "பாருங்கடா, இவர் துப்பாக்கியப் பூவைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறார், கை ஆடுதா?" என்று மற்றவர்களிடம் காட்டிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், பூப்பிடி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இறுக்கிப் பிடித்தால் கை நடுங்கும், தளர்வாகப் பிடித்தால் குறி தப்பாது என்பதை ரெங்கசாமி ஒரு வேதமாகவே ஆக்கிக்கொண்டார். தெம்பனிஸ் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று கோப்பைகளும் அந்த வேதத்துக்குக் கிடைத்தவை. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பூப்பிடியைச் சொல்லிக் கொடுப்பார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஜரீனா சேர்ந்தபோது அவளுக்கும் முதல் வாரமே பாடம் நடந்தது. அன்றிலிருந்து இருவரும் ஒரே ரோந்து வண்டியில் ஜோடி.

இப்படி இருக்கையில்தான் அந்தக் கடிதம் வந்தது. ரிவால்வர்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இனி எல்லோருக்கும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். புதன், வியாழன் பயிற்சி, வெள்ளிக்கிழமை சோதனை. அதில் தேறாவிட்டால் மறுசோதனை ஒன்று உண்டு, அதிலும் தவறினால் ஆயுதம் இல்லாத வேலை. ஆயுதம் இல்லாத வேலை என்றால் ஊழியர் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்ப்பது. ஜரீனாவுக்கு வேறு ஜோடி வந்துவிடும். அவள் ஏற்கெனவே தேறியவள். முதல் தடவையிலேயே தேறிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். இந்த வாரம் பயிற்சிக்கூடத்தில் பயிற்றுநருக்கு ஒத்தாசை வேறு.

"என் ஜோடியாச்சே, எப்படித் தேறாமப் போவா" என்று ரெங்கசாமி அப்போது மார்தட்டிக்கொண்டார்.

புதன்கிழமை பிஸ்டல் கைக்கு வந்தது. கறுப்பாக, கட்டையாக, அலுவலக மேசையில் கிடக்கும் ஸ்டேப்ளர் போல இருந்தது. ரிவால்வரில் உருளை சுற்றும், குண்டு வரும், அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு வெடிக்கும் மேலே இருக்கும் ஸ்லைடு தானாகப் பின்னால் ஓடி, திரும்பி வரும்போது குண்டுகள் அடுக்கிய மேகசினிலிருந்து அடுத்த குண்டைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். மற்ற பதினொரு பேருக்கும் அது சமர்த்தாகப் போனது. ரெங்கசாமியுடையதில் இரண்டு குண்டு போனது, மூன்றாவது வாசலில் மூக்கை நீட்டியபடி சிக்கிக்கொண்டது.

கையைத் தூக்கினார். பயிற்றுநர் சேவியர் வந்தான். முப்பது வயதுதான் இருக்கும். சிக்கலை எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் நான்கு குண்டு, மறுபடியும் சிக்கல்.

"அண்ணே, கிரிப் லூசா இருக்கு. டைட்டா பிடிங்க."

"தம்பி, இந்தப் பிடிக்கு மூணு கப் வாங்கியிருக்கேன்."

"அது ரிவால்வர்ண்ணே."

"கை அதே கைதானே. மேகசின்தான் சரியில்ல."

மேகசினை மாற்றினார்கள். சிக்கியது. குண்டுப் பெட்டியை மாற்றினார்கள். சிக்கியது. பிஸ்டலே பழுது என்றார் ரெங்கசாமி. சேவியர் அதே பிஸ்டலை வாங்கிப் பத்து குண்டு சுட்டான், பத்தும் போயின. ஜரீனா வாங்கிச் சுட்டாள். அவளுக்கும் பத்தும் போயின. சூடேறின பிறகு சரியாகியிருக்கும் என்று ரெங்கசாமி விளக்கம் சொன்னார். சூடேறிய பிஸ்டலை அவர் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது குண்டில் நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தை மூன்று தடவை மாற்றிக் கொடுத்தும் நம்மவருக்குக் கோணல் நிமிரவில்லை.

சேவியருக்குப் பார்க்க இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். பழுது அறிக்கைப் படிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். ரெங்கசாமி பேனாவை எடுத்துத் தெளிவான எழுத்தில் எழுதினார். பழுது: குண்டு ஏறவில்லை. காரணம்: துப்பாக்கி. பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்ற கட்டத்தில், சற்றுத் தன்னிரக்கத்தோடு, ஒருவர் என்று போட்டார்.

வீட்டில் மனைவி லீலா இட்லி மாவைக் கரைத்தபடியே கதையைக் கேட்டாள்.

"போன வருஷம் வாஷிங் மெஷினும் இப்படித்தான் கெட்டுப்போச்சுன்னீங்க. டெக்னீஷியன் வந்து பிளக்கச் சொருகிட்டுப் போனான்."

"இது வேற."

"பிளக் இருக்கா பாருங்க லா."

படுக்கையில் அவருக்கு வாசல் வேலைதான் கண்முன் வந்தது. இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு, தெரிந்த முகங்களின் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "ம், போங்க" என்று சொல்லும் வேலை. ரோந்து வண்டியில் ஜரீனாவுக்குப் பக்கத்தில் வேறு எவனோ உட்கார்ந்திருப்பான். பயமாக இருந்தது. அதை லீலாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பிஸ்டலைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

வியாழன் பயிற்சி பிற்பகல்தான். காலையில் எம்ஆர்டி ரயில் பிடித்து சிராங்கூன் சாலைக்குப் போய், காளியம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். ரெங்கசாமி மனதில் நினைத்து வந்தது துப்பாக்கியின் பெயருக்கு அர்ச்சனை செய்ய. ஆனால் துப்பாக்கி எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்று யாருக்குத் தெரியும்? வேறு வழியில்லாமல் தன் பெயரையும் சுவாதி நட்சத்திரத்தையும் சொன்னார். அம்மன் சரியான பேர்வழியின் பெயரில்தான் அர்ச்சனையை வாங்கிக்கொண்டாள் என்பது அப்போது அவருக்கு விளங்கவில்லை.

விபூதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ரிவால்வர் உறையின் உள்பக்கம் யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். புதுப் பிஸ்டலுக்கு அது நடக்கவில்லை என்பதே கோளாறு என்று பேருந்தில் போகும்போதே தீர்மானித்துவிட்டார். சேவியர் குண்டுகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, காலி மேகசினின் வாயில் ஒரு சிட்டிகை தடவப் போனார். அவசரத்தில் கை தவறி, பொட்டலத்தில் பாதி உள்ளே விழுந்தது. கொஞ்சம் தாராளமாகவே அருள் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு குண்டுகளை அடைத்தார்.

புதன்கிழமை முப்பது குண்டில் ஐந்து சிக்கல். வியாழக்கிழமை முதல் பத்திலேயே ஆறு.

சேவியர் மேகசினின் அடித்தகட்டைக் கழற்றினான். சுருள்கம்பி சாம்பல் நிறக் குழம்பில் குளித்து வெளியே வந்தது. எண்ணெயும் விபூதியும் நன்றாகக் குழைந்திருந்தன. சேவியர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே இது?"

"தூசியா இருக்கும்."

"தூசில கற்பூர வாசம் வருதே."

ரெங்கசாமி கூரையைப் பார்த்தார். ஜரீனா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது.

"எங்கம்மாவும் புதுக் கார் மேல தீர்த்தம் தெளிச்சாங்க" என்றான் சேவியர், கம்பியைத் துடைத்தபடி. "இன்ஜினுக்குள்ள ஊத்தல."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பன்னிரண்டாவது ஆள் ரெங்கசாமி. வேறு என்ன செய்வது? உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. ஆக, கோளாறு விபூதியில்தான் என்று. புதன்கிழமை விபூதியே இல்லையே என்ற சின்னக் கணக்கை மனது வசதியாக மறந்துவிட்டது. துடைத்துச் சுத்தமான மேகசினைப் போட்டுச் சுட்டார். மூன்றாவது குண்டு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இடைவேளையில் பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். ஜரீனா இரண்டு மைலோ டின்னோடு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்கும் இதேதான் ஆச்சு. முதல் டெஸ்ட்ல நான் ஃபெயில்."

"முதல் தடவையே பாஸுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

ரெங்கசாமி டின்னைத் திறக்காமல் அவளைப் பார்த்தார்.

"பூப்பிடிதாண்ணே பிரச்சினை. ஸ்லைடு பின்னால போறதுக்குக் கை கல்லு மாதிரி நிக்கணும். கை விட்டுக்கொடுத்தா அந்த வேகம் கைக்குள்ளயே போயிடுது. ஸ்லைடு பாதி வழி போயிட்டுத் திரும்பிடும், குண்டு மாட்டிக்கும். சேவியர் எனக்கு ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டார். ஆனா ஒன்பது வருஷப் பழக்கம். அத மறக்க ரெண்டு வாரம் ஆச்சு. ஆஃப் டே எல்லாம் மகளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்து சுட்டேன். மறுபடியும் ஃபெயில் ஆனா கேட்ல நிக்கணுமேன்னு ராத்திரி தூக்கமில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா சொல்லிக் கொடுத்தது. அதப் போய் எப்படிச் சொல்றது?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ரெங்கசாமியின் புளுகு இரண்டு நாளில் கவிழ்ந்தது. அதைப்பற்றி அவருக்கு இப்போது வருத்தமில்லை. தன் பெருமைக்காகச் சொல்லிக் கொடுத்த ஒரு பாடம், இந்தப் பெண்ணின் தூக்கத்தை இரண்டு வாரம் கெடுத்திருக்கிறது. அந்த இரண்டு வாரமும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பை வாங்கிய கதையை எத்தனை தடவை சொன்னோம் என்று யோசித்தார். வெட்கமாக இருந்தது. குண்டு சிக்கியபோது வராத வெட்கம்.

"எப்படிப் பிடிக்கணும்? காட்டு" என்றார்.

"பஸ்ல நின்னுட்டுப் போறப்ப டிரைவர் திடீர்னு பிரேக் போட்டா கம்பிய எப்படிப் பிடிப்பீங்க? அப்படி. ரெண்டு கையாலயும். மணிக்கட்டு மடங்கக் கூடாது."

அன்று சாயங்காலம் தெம்பனிஸ் போகும் பேருந்தில் இருக்கைகள் காலியாகக் கிடக்க, ரெங்கசாமி நின்றுகொண்டே வந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, மணிக்கட்டை விறைப்பாக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு. வண்டியோ சீராகப் போய்க்கொண்டிருந்தது. சந்தைப் பையோடு இருந்த ஒரு சீன அம்மாள் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்துவிட்டு, தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டி, ஆங்கிலத்தில் உட்காரச் சொன்னார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயிற்சி என்றார் ரெங்கசாமி. அந்த அம்மாளின் கவலை இன்னும் அதிகமானது. ரெங்கசாமி உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முப்பது குண்டு. இருபத்து நான்கு குறியில் பட வேண்டும். ரெங்கசாமி பேருந்துக் கம்பியை நினைத்துப் பிடித்தார். மூன்றாவது குண்டு போனது. நான்காவதும் போனது. பத்து, பதினைந்து எல்லாம் போயின. இறுக்கிப் பிடித்ததில் கை நடுங்கியது உண்மை. குறி முன்போல் இல்லை. பத்தொன்பதாவதில் டக் என்று ஒரு வெறும் சத்தம். மறுபடியும் சிக்கிவிட்டது என்றே நினைத்தார். பிறகுதான் நினைவு வந்தது, சோதனைக்காக எல்லோருடைய மேகசினிலும் மருந்தில்லாத ஒரு வெற்றுக் குண்டு கலந்திருப்பார்கள் என்று. கையைத் தூக்கவில்லை. மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு, பாடத்தில் சொன்னபடி தொடர்ந்து சுட்டார்.

இருபத்தைந்து. மூன்று கோப்பை வாங்கியவருக்கு, தேறுவதற்கு மேல் ஒரே ஒரு குண்டு மிச்சம். ஜரீனா தன் மறுசோதனையில் இருபத்தெட்டு வாங்கியிருந்தாள் என்று சேவியர் சொன்னான். ரெங்கசாமிக்கு அந்த எண்ணைக் கேட்க சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

எல்லோரும் கிளம்பும்போது சேவியர் புதன்கிழமைப் படிவத்தை எடுத்து வந்தான்.

"அண்ணே, இத குளோஸ் பண்ணணும். காரணத்தத் திருத்திட்டுக் கையெழுத்துப் போடுங்க. கிழிச்சுப் போட்டாலும் எனக்கு ஓகே."

ரெங்கசாமி மேசையில் உட்கார்ந்தார். 'துப்பாக்கி' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். அதன் கீழே 'சார்ஜண்ட் ரெங்கசாமியின் பிடி' என்று எழுதினார். விபூதியைச் சேர்க்கலாமா என்று யோசித்து, அதையும் ஒரு வரி எழுதினார். பிறகு பாதிக்கப்பட்டோர் கட்டத்துக்கு வந்தார். 'ஒருவர்' என்பதை அடித்துவிட்டு 'இருவர்' என்று போட்டார்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜரீனா கேட்டாள்.

"இன்னொரு ஆள் யாருண்ணே?"

"நீதாம்மா" என்றார் ரெங்கசாமி. "மன்னிச்சுக்கோ."

ஜரீனா பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, சாட்சிக் கையெழுத்து என்று இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு மேசை மேல் இருந்த ரோந்து வண்டிச் சாவியை எடுத்து, "வாங்க, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்றாள்.